கோத்தகிரியில் ஓர் அமைதிப் பாசறை

குன்னூரைக் கடந்து உதகைக்குச் செல்வோர் வெலிங்டனைக் காணத் தவறுவதில்லை. முப்படை அதிகாரிகளுக்கு உயர்பயிற்சி அளிக்கும் கல்லூரி 1947 முதல் அங்கே இயங்கி வருகிறது. அருகிலுள்ள அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை நூறாண்டுக்கும் மேலாக இயங்குகிறது. ஒரு நாடு தன்னைக் காத்துக்கொள்ள எத்தனை ஆண்டுப் பயிற்சியும் எவ்வளவு பொருட்செலவும் வேண்டும் என்பதற்கு இவ்விரண்டும் கண்கூடான சான்றுகள்.

குன்னூரிலிருந்து ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தொலைவில் உள்ளது கோத்தகிரி. அங்கே 1959 முதல் 1964 வரை வேறொரு வகைப் பயிற்சி நடைபெற்றது. ஆயுதம் ஏந்தாமல் கலவரத்தின் நடுவே செல்லவும், பகைத்து நிற்கும் இரு தரப்பாரிடமும் பேசவும் தொண்டர்களைப் பழக்கிய பயிற்சி அது. அதை நடத்தியவர் மார்ஜரி சைக்ஸ் அம்மையார். இங்கிலாந்தில் பிறந்து, சென்னையில் ஆசிரியராகி, இந்தியக் குடிமகளாக மாறியவர். குவேக்கர் என்று அழைக்கப்படும் கிறிஸ்தவச் சமூகத்தின் உறுப்பினர். வெலிங்டனை அறிந்த நம்மில் பெரும்பாலோர் கோத்தகிரியின் இந்த அத்தியாயத்தை அறியோம்.

மார்ஜரி சைக்ஸ் 1905-ஆம் ஆண்டு மே மாதம் யார்க்‌ஷயர் பகுதியிலுள்ள மெக்ஸ்பரோவில் பிறந்தார். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நிறைந்த ஊர் அது. தந்தை பள்ளி ஆசிரியர். முதல் உலகப் போர் மூண்டபோது மார்ஜரிக்கு ஒன்பது வயது. ஒரு தலைமுறை இளைஞர்களைப் பறிகொடுத்த நாட்டில் அவரது பள்ளிப் பருவம் கழிந்தது. பின்னர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நியூன்ஹாம் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்றார். அவர் பட்டப்படிப்பை முடித்த 1926-ஆம் ஆண்டில்தான் பிரிட்டனின் சுரங்கத் தொழிலாளர்கள் ஊதியக் குறைப்பை எதிர்த்து மாதக்கணக்கில் போராடித் தோற்றனர்.

ஆசிரியப் பயிற்சியையும் முடித்த அவர், 1928-இல் சென்னைக்கு வந்தார். வேப்பேரியிலுள்ள பென்டிங்க் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியப் பணி. பின்னர் அப்பள்ளியின் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார். தமிழைக் கற்றுக்கொண்டார். ஆளும் இனத்தைச் சேர்ந்தவர்கள் உள்ளூர் மக்களிடமிருந்து விலகி வாழ்வதே இயல்பெனக் கருதப்பட்ட காலம் அது. அவர் இந்திய ஆசிரியைகளோடும் மாணவியரோடும் நெருங்கிப் பழகினார். உப்புச் சத்தியாகிரகமும் கதர் இயக்கமும் நாட்டை உலுக்கிய ஆண்டுகளில், காந்தியடிகளின் கருத்துகள் அவரை ஈர்க்கத் தொடங்கின. குவேக்கர் சமூகத்தில் அவர் உறுப்பினரானதும் 1930-களின் நடுப்பகுதியில், சென்னையில் பணியாற்றிய காலத்தில்தான்.

குவேக்கர்கள் யார் என்பதை அறியாமல் அவரது வாழ்வைப் புரிந்துகொள்ள இயலாது. பதினேழாம் நூற்றாண்டின் நடுவில், இங்கிலாந்து உள்நாட்டுப் போரில் சிக்கித் தவித்தபோது, ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவரின் போதனையால் உருவான சமூகம் இது. நண்பர்கள் சங்கம் என்பது இதன் முறையான பெயர். ஒவ்வொரு மனிதருக்குள்ளும் இறையொளி உண்டு என்பதே இவர்களின் அடிப்படை நம்பிக்கை. மற்ற கொள்கைகள் யாவும் இந்த ஒன்றிலிருந்தே கிளைத்தவை.

எல்லோருள்ளும் இறையொளி உண்டெனில் ஆண், பெண், உயர்ந்தோர், தாழ்ந்தோர் என்ற வேறுபாட்டுக்கு இடமில்லை. ஆகவே தொடக்கம் முதலே இவர்களின் கூட்டங்களில் பெண்களும் பேசினர். மன்னர் முன்னிலும் தொப்பியைக் கழற்ற மறுத்துச் சிறை சென்றோர் பலர். இவர்களின் மரபான வழிபாட்டில் குருமார் இல்லை. அனைவரும் மௌனமாக அமர்ந்திருப்பர். உள்ளத்தில் உந்துதல் பெற்றவர் எழுந்து சில சொற்கள் கூறுவார். மீண்டும் மௌனம் தொடரும். சங்கத்தின் முடிவுகளை வாக்கெடுப்பால் தீர்மானிப்பதில்லை. கருத்து வேறுபாடு நீடித்தால் பொறுத்திருந்து, ஒருமித்த உணர்வு உருவானபின் முடிவெடுப்பார்கள்.

வாய்மை இவர்களின் மற்றொரு விழுமியம். நீதிமன்றத்தில் சத்தியப் பிரமாணம் செய்ய மறுத்தனர். பிரமாணத்தின்போது ஓர் உண்மை, மற்ற நேரத்தில் வேறோர் உண்மை என்றிருக்க இயலாது என்பது காரணம். பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் என்னைக் கவர்ந்த செய்தி ஒன்று உண்டு. பேரம் பேசி விற்கும் வழக்கம் நிலவிய காலத்தில், ஒரு பொருளுக்கு ஒரே விலை என்ற முறையைக் கைக்கொண்ட முன்னோடிகள் குவேக்கர் வணிகர்கள். கொடுக்க நினைக்கும் விலை ஒன்று, சொல்லும் விலை வேறொன்று என்பதை அவர்கள் பொய்யாகவே கருதினர். ஒரு குழந்தையை அனுப்பினாலும் அதே விலைக்குப் பொருள் கிடைக்கும் என்ற நம்பிக்கை அவர்களின் கடைகளை வளர்த்தது. பார்க்ளேஸ், லாயிட்ஸ் வங்கிகளும் கேட்பரி நிறுவனமும் குவேக்கர் குடும்பங்கள் தொடங்கியவையே.

அமைதி இவர்களின் கொள்கைகளுள் உலகறிந்தது. எந்த நோக்கத்துக்காகவும் ஆயுதம் ஏந்துவதில்லை என்று 1661-இல் மன்னர் இரண்டாம் சார்லஸிடம் அறிக்கை அளித்தனர். மெனனைட், பிரதரன் திருச்சபைகளோடு சேர்த்து வரலாற்று அமைதித் திருச்சபைகள் என்று இவர்களைக் குறிப்பிடுவர். போரில் சேர மறுத்தவர்கள் போர்க்களத்தில் காயமுற்றோரைத் தூக்கிச் சுமந்தனர். வங்கம் பஞ்சத்தில் வாடிய 1940-களில் இவர்களின் தொண்டர் படை அங்கே நிவாரணப் பணியில் இருந்தது. 1947-ஆம் ஆண்டின் அமைதிக்கான நோபல் பரிசு, பிரிட்டனையும் அமெரிக்காவையும் சேர்ந்த இரு குவேக்கர் சேவை அமைப்புகளுக்கு வழங்கப்பட்டது.

இத்தகைய சமூகத்தைச் சேர்ந்த ஒருவருக்குக் காந்தியடிகளின் சத்தியமும் அகிம்சையும் அயலானவையாக இருந்திருக்க முடியாது. 1937-இல் காந்தியடிகள் ஆதாரக் கல்வித் திட்டத்தை முன்வைத்தார். கைத்தொழிலை மையமாகக் கொண்டு, தாய்மொழியில், உழைப்பின் மதிப்பை உணர்த்தும் கல்வி அது. பள்ளிக்கூடத்தின் அன்றாட வாழ்விலேயே சமத்துவம் பழகவேண்டும் என்று எண்ணிய மார்ஜரியின் உள்ளத்தில் இத்திட்டம் ஆழமாகப் பதிந்தது.

ஆயினும் சேவாகிராமத்துக்கு முன் அவர் சென்றது சாந்திநிகேதனத்துக்கு. 1939-இல் அங்கே பணியேற்று, கவியரசர் தாகூரின் இறுதி ஆண்டுகளில் அவருக்கு அருகிலிருக்கும் வாய்ப்பைப் பெற்றார். வங்க மொழி கற்று, தாகூரின் நாடகங்களை ஆங்கிலத்தில் பெயர்த்தார். இந்திய மக்களால் தீனபந்து என்று போற்றப்பட்ட சி.எஃப். ஆண்ட்ரூஸ் 1940-இல் மறைந்தார். அவரது வரலாற்றை பனாரசிதாஸ் சதுர்வேதியுடன் இணைந்து மார்ஜரி எழுதினார். 1949-இல் வெளிவந்த அந்நூல், ஆண்ட்ரூஸைப் பற்றி அறிய விரும்புவோருக்கு இன்றும் அடிப்படை நூல்.

காந்தியடிகள் கொலையுண்டபின், 1949-இல் மார்ஜரி சேவாகிராமம் சென்று ஆதாரக் கல்வி ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கும் பொறுப்பை ஏற்றார். யாழ்ப்பாணத் தமிழரான ஆரியநாயகமும் அவருடைய மனைவி ஆஷாதேவியும் அங்கே ஆதாரக் கல்வியின் தூண்களாக விளங்கினர். அவர்களும் சாந்திநிகேதனத்திலிருந்து வந்தவர்களே. பயிற்சி பெற வந்தோர் நூல் நூற்றனர், தோட்டத்தில் உழைத்தனர், சமையலும் துப்புரவும் அவர்கள் கையாலேயே நடந்தன. சாதிவாரியாகத் தொழிலைப் பிரித்துவைத்த சமூகத்தில், பட்டதாரி ஆசிரியர் ஒருவர் துடைப்பத்தைக் கையிலெடுப்பது பாடத்திட்டத்தின் பகுதியாக இருந்தது. மார்ஜரி இந்தியக் குடியுரிமை பெற்றதும் விடுதலைக்குப் பிந்தைய இக்காலத்தில்தான்.

ஆதாரக் கல்வி நாடெங்கும் வேரூன்றவில்லை. அரசுகள் அதன் பெயரை ஏற்றன, உள்ளடக்கத்தைக் கைவிட்டன. மேற்படிப்புக்கும் அரசுப் பணிக்கும் வழிவகுக்கும் ஏட்டுக் கல்வியையே பெற்றோரும் விரும்பினர். கிராமத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் கைத்தொழில், நகரத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் என்ற ஐயம் அவர்களுக்கு எழுந்ததில் நியாயமும் இருந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக அமையாத எந்தச் சீர்திருத்தமும் இந்த ஐயத்தைத் தாண்ட இயலாது. பல்லாண்டுகள் கழித்து இந்தக் கல்வி முயற்சியின் கதையை மார்ஜரி ஒரு சிறு நூலாகவே எழுதினார்.

1959-இல் சேவாகிராமப் பணியிலிருந்து விலகிய அவர், கோத்தகிரியில் குடியேறினார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1957-இல், வினோபா பாவே தமது கேரளப் பயணத்தின்போது சாந்தி சேனையைத் தொடங்கியிருந்தார். காந்தியடிகள் கனவு கண்டு, தம் வாழ்நாளில் முழுமையாக உருவாக்க இயலாமல் போன அமைப்பு அது. அமைதிக் காலத்தில் மக்களுக்குத் தொண்டு. கலவரக் காலத்தில் உயிரைப் பணயம் வைத்து இரு கூட்டத்தார் நடுவே நிற்றல். கட்சி அரசியலில் ஈடுபடுவோர் அதில் சேர இயலாது. தொண்டர்கள் முன்வந்தனர். அவர்களுக்கு முறையான பயிற்சி தேவைப்பட்டது.

இந்தப் பயிற்சிக்காகவே கோத்தகிரியைப் பயன்படுத்தினார் மார்ஜரி. கோத்தர்களின் பெயரைத் தாங்கிய ஊர் அது. சுற்றிலும் படுகர் ஹட்டிகள், இருளர், குறும்பர் குடியிருப்புகள், தேயிலைத் தோட்டங்கள். பல மொழிகள், பல வழிபாடுகள், பல தொழில்கள் ஒரே மலைச்சரிவில் அருகருகே வாழும் இடம். சிறு சிறு குழுக்களாக வந்தோரோடு அவரும் சேர்ந்து வாழ்ந்து பயிற்சி அளித்தார்.

அமைதிக்கு எதற்குப் பயிற்சி, அது நல்லெண்ணம் இருந்தால் தானே வந்துவிடாதா என்று கேட்கலாம். கலவரச் செய்தி பரவும் ஒரு மாலை நேரத்தை எண்ணிப் பார்த்தால் விடை கிடைக்கும். வதந்தி எது, நடந்தது எது என்று பிரித்தறிய வேண்டும். தன் சமூகத்தாரே தவறிழைத்திருந்தால் அதைச் சொல்லும் துணிவு வேண்டும். வசைமொழியைக் கேட்டுக்கொண்டு, அதன் அடியிலிருக்கும் அச்சத்தை அறியும் பொறுமை வேண்டும். ஒரு தரப்பார் சொன்னதை மறுதரப்பாரிடம் கூட்டாமல் குறைக்காமல் சேர்க்கும் நேர்மை வேண்டும். இவை எவையும் நெருக்கடி நேரத்தில் திடீரென முளைப்பவையல்ல. குவேக்கர்களின் மௌனம், வாய்மை, ஒருமித்த முடிவுக்காகக் காத்திருத்தல் ஆகிய மூன்றும் இந்தத் திறன்களை வாரந்தோறும் பழக்கும் பயிற்சிகளே.

அந்தப் பயிற்சிக்கு 1964-இல் கடும் சோதனை வந்தது. நாகா மலைகளில் தனிநாடு கோரி 1950-கள் முதல் ஆயுதப் போராட்டம் நடந்து வந்தது. ராணுவ நடவடிக்கைகளால் கிராமங்கள் சிதைந்தன. 1963 டிசம்பரில் நாகாலாந்து தனி மாநிலமான பிறகும் மோதல் ஓயவில்லை. நாகர்களில் பெரும்பாலோர் பாப்டிஸ்ட் கிறிஸ்தவர்கள். அவர்களின் திருச்சபையே முன்வந்து, ஜெயப்பிரகாஷ் நாராயண், அசாம் முதல்வர் பி.பி. சாலிஹா, ஆங்கிலப் பாதிரியார் மைக்கேல் ஸ்காட் ஆகிய மூவரைக் கொண்ட அமைதிக் குழுவுக்கு வழிவகுத்தது. 1964 செப்டம்பரில் போர்நிறுத்தம் நடைமுறைக்கு வந்தது.

போர்நிறுத்தம் காகிதத்தில் எழுதப்படுவது எளிது. காடுகளில் காக்கப்படுவது கடினம். அதை மேற்பார்வையிட அமைதிப் பார்வையாளர் குழு ஒன்று அமைந்தது. கோயம்புத்தூரில் கல்விப் பணியாற்றி வந்த காந்தியவாதி டாக்டர் எம். ஆரம் அதில் இடம்பெற்றார். பின்னாளில் காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானவர் அவர். கோத்தகிரியிலிருந்து சென்றார் மார்ஜரி சைக்ஸ். அப்போது அவருக்கு வயது 59.

ஏறத்தாழ மூன்று ஆண்டுகள், 1967 வரை, அவர் அங்கே பணியாற்றினார். ஒரு தரப்பு போர்நிறுத்தத்தை மீறியதாக மறுதரப்பு புகார் கூறினால், பார்வையாளர்கள் நேரில் சென்று விசாரித்து உண்மையைக் கண்டறிய வேண்டும். ராணுவ அதிகாரிகளிடமும், தலைமறைவு இயக்கத்தாரிடமும், நடுவில் சிக்கிய கிராம மக்களிடமும் பேச வேண்டும். ஆங்கிலேயராகப் பிறந்ததால் இந்தியத் தரப்பும், இந்தியக் குடிமகளானதால் நாகர் தரப்பும் அவரை ஐயுற்றிருக்கலாம். இரு தரப்பாருக்கும் அவர் அளிக்கக்கூடிய ஒரே பிணை, கண்டதைக் கண்டவாறு கூறுவார் என்ற நற்பெயர்தான். ஒரே விலை கூறிய பழைய குவேக்கர் வணிகரின் கடைக்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடில்லை.

அமைதி முயற்சி முழு வெற்றி பெற்றதா என்றால், இல்லை என்றே கூற வேண்டும். 1966-இல் ஜெயப்பிரகாஷ் நாராயண் குழுவிலிருந்து விலகினார். அசாமில் ரயில்களில் குண்டுகள் வெடித்து உயிர்கள் பலியாயின. மைக்கேல் ஸ்காட் இந்தியாவை விட்டு வெளியேற்றப்பட்டார். பிரதமர் இந்திரா காந்தியுடன் நாகர் தலைவர்கள் நடத்திய ஆறு சுற்றுப் பேச்சுவார்த்தைகளும் உடன்பாடின்றி 1967-இல் முடிந்தன. 1972-இல் போர்நிறுத்தமே கைவிடப்பட்டது.

இந்தக் கணக்கை மட்டும் காட்டி, அகிம்சையாளர்களின் தலையீடு பயனற்றது என்று முடிவுகட்டுவோர் உண்டு. அவர்கள் வரவுப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். பல ஆண்டுகளாக வேட்டுச் சத்தத்துக்கு அஞ்சிக் காட்டில் ஒளிந்த மக்கள், போர்நிறுத்தத்தால் ஊர் திரும்பிப் பயிரிடவும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவும், ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குச் செல்லவும் முடிந்தது. அந்த ஆண்டுகளில் பிழைத்த உயிர்களின் எண்ணிக்கையை எந்தப் புள்ளிவிவரமும் பதிவு செய்வதில்லை. நடக்காத சாவுக்கு இறப்புச் சான்றிதழ் கிடையாது. அமைதிப் பணி எப்போதும் குறைவாக மதிப்பிடப்படுவதற்கு இதுவே காரணம்.

நாகாலாந்திலிருந்து மார்ஜரி மீண்டும் கோத்தகிரிக்கே திரும்பினார். எளிமை குவேக்கர்களின் மற்றொரு விழுமியம். தேவைக்கு மேல் பொருள் சேர்ப்பதில் வன்முறையின் வித்து இருப்பதாக அவர்கள் கருதினர். காந்தியடிகளின் உடைமையின்மைக் கொள்கையும் அதையே கூறுகிறது. அவர் வாழ்ந்த காலத்திலேயே நீலகிரியின் முகம் மாறிக்கொண்டிருந்தது. சாமையும் ராகியும் கிழங்கும் விளைந்த நிலங்கள் தேயிலைக்கு மாறின. சந்தை உயர்ந்தபோது வளம் வந்தது. 1990-களின் இறுதியில் பசுந்தேயிலை விலை சரிந்தபோது சிறு விவசாயிகள் கடனில் வீழ்ந்தனர். ஒற்றைப் பயிரையும் தொலைதூரச் சந்தையையும் மட்டுமே நம்பிய வாழ்வு எத்தகைய இடருக்கு உள்ளாகும் என்பதை மலை மக்கள் அனுபவத்தில் அறிந்தனர். தற்சார்பை வலியுறுத்திய ஆதாரக் கல்வியாளர்களின் கவலை, இந்தக் கோணத்தில் பார்த்தால், பழமைவாதமாகத் தோன்றவில்லை.

பின்னர் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அருகே ரசூலியாவிலுள்ள குவேக்கர் கிராம மையத்தில் மார்ஜரி சில ஆண்டுகள் பணியாற்றினார். இந்தியாவில் குவேக்கர்களின் நூற்றாண்டு வரலாற்றை ஆய்ந்து அவர் எழுதிய நூல் 1980-இல் வெளிவந்தது. முதுமையில் இங்கிலாந்து திரும்பிய அவர், 1995 ஆகஸ்ட் மாதம் தமது 90-ஆம் வயதில் மறைந்தார். இந்தியாவுக்கு அவர் முதன்முதலாக வந்து அப்போது 67 ஆண்டுகள் நிறைவடையவிருந்தன.

இந்தியாவில் குவேக்கர்களின் எண்ணிக்கை மிகச் சிறியது. எண்ணிக்கையைப் பெருக்குவதை மார்ஜரி தமது பணியாகக் கொண்டதும் இல்லை. அவருடன் உழைத்தோரில் இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் எம்மதத்தையும் சாராதோரும் இருந்தனர். தம் நம்பிக்கையைப் பிறர்மீது திணிக்காமலும், பிறர் நம்பிக்கைக்காகத் தம்முடையதை மறைக்காமலும் வாழ முடியும் என்பதற்கு அவர் வாழ்வு சான்றாக நிற்கிறது. மதமாற்றம் பற்றிய ஐயங்களும் சிறுபான்மையினரின் அச்சங்களும் பொதுவெளியை நிரப்பும் இந்நாளில், இவ்வாழ்வை நினைவுகூர்வது பொருத்தமே.

ஒரு மாவட்டத்தில் சாதிக் கலவரமோ மதக் கலவரமோ மூண்டால் நாம் காவல் துறையை அனுப்புகிறோம். தேவையெனில் துணை ராணுவத்தையும் அனுப்புகிறோம். பின்னர் அமைதிக் குழு அமைக்கிறோம். அக்குழுவில் பெரும்பாலும் அந்தந்தச் சமூகத்தின் செல்வாக்குமிக்கோரும் கட்சிப் பிரமுகர்களும் இடம்பெறுவர். ஒரு நாள் கூடித் தேநீர் அருந்திக் கலைவதோடு அதன் ஆயுள் முடிந்துவிடுகிறது. இருதரப்பாரின் நம்பிக்கையையும் பல ஆண்டு உழைப்பால் முன்கூட்டியே ஈட்டிய, பயிற்சி பெற்ற, எக்கட்சியையும் சாராத பத்துப் பேர் ஒவ்வொரு வட்டத்திலும் இருந்தால் என்ன நிகழும் என்று நாம் சோதித்துப் பார்த்ததே இல்லை.

நம் கல்லூரிகளில் தேசிய மாணவர் படை இருக்கிறது; நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கிறது. பிணக்கைத் தீர்க்கும் கலை, எதிர்த்தரப்பைக் கேட்கும் கலை, வதந்தியைச் சரிபார்க்கும் கலை ஆகியவற்றை நலப்பணித் திட்ட முகாம்களில் கற்பிக்கப் புதிய சட்டமோ பெரும் நிதியோ தேவையில்லை. கோத்தகிரியில் மார்ஜரி அம்மையாரிடம் இருந்தவை சில தொண்டர்களும் ஐந்து ஆண்டுக் காலமும்தான். வெலிங்டனுக்கு நாம் செலவிடுவதைக் குறைகூற வேண்டியதில்லை. அம்மையார் கோத்தகிரியில் தொடங்கிவைத்ததற்கும் சிறிதளவேனும் செலவிடத் தொடங்கலாம்.